மங்கலம் ஜெயித்த ஒரு பாயிண்ட்

— இன். நல்ல பால். உன் பாயிண்டாக்கும், மங்கலம்.

— இதுவா இன்? கோட்டுக்கு அரையடி வெளியே விழுந்து மண்ணைக் கிளப்பித்து. நெட்டுக்கு இந்தப் பக்கம் நிக்கற நேக்குத் தெரியறது. உங்க காலடில விழுந்தது உங்களுக்குத் தெரியலையா, ஏன்னா?

— என் பக்கத்துல விழுந்த பாலுக்கு நானாக்கும் சொல்லணும். அம்பயர் இல்லாத டென்னிஸ்ல அதாக்கும் முறை. எதிராளி கேள்வி கேக்கப்படாது.

— ஊர்ல எல்லாரும் உள்ளே விழுந்ததை அவுட்டுன்னு சொல்லிச் சண்டை பிடிப்பா. என் ஆத்துக்காரர் ஒருத்தர்தான் வெளியே விழுந்ததை இன்னுன்னு சொல்லிச் சண்டை பிடிக்கறார். சத்தியதாஸ், நீங்க சொல்லுங்கோ. பெஞ்சுல உக்காந்துண்டு பாத்தேளா இல்லையா?

— நான் சாயா ஊதிக்கிட்டு இருந்தேன் மங்கலம்மா. ஒண்ணும் காணல்ல.

— எப்படி வழுக்கறார் பாருங்கோ.

— நாப்பது வருசம் இந்த கிளப்புல மார்க்கர் சோலி பாத்தவனாக்கும் நான். மெம்பர்மாருக்க கூட ஆடணும், பந்து போட்டுக் குடுக்கணும், ரெண்டு மெம்பர் வழக்கு பிடிச்சா வானத்தப் பாக்கணும். ரிட்டயர் ஆனாலும் பழக்கம் விடாது பாத்துக்கிடுங்கோ. நீங்க வேகம் முடிங்கோ. ஏழு மணிக்கு எனக்க மோள் ஜிஷா கோச்சிங்குக்குப் பிள்ளையளக் கூட்டிட்டு வந்திருவா. பொறவு எனக்கில்லா ஏச்சு.

— அஞ்சுக்கு ரெண்டு. தர்ட்டி லவ். இன்னும் ரெண்டே பாயிண்ட், மங்கலம். செட்டை ஜெயிச்சுட்டு ஜம்முனு கரமனைல நம்மாத்துக்குப் போலாம். நாளைக்குச் சாயங்காலம் ஆஸ்பத்திரில சேரணும். இன்னிக்கு ரெஸ்ட் எடு.

— ஞாபகப்படுத்தாதேள்.

— சரி, படுத்தலை.

— திங்கக்கிழமை காலம்பற இந்த நேரத்துக்கு ரெண்டு முட்டியும் எனக்குச் சொந்தமில்லை. நடக்கலாம், படி ஏறலாம், கோயில்ல பிரதட்சிணம் பண்ணலாம், சிங்கிள்ஸ் மட்டும் இனிமே சொப்பனத்துல ஆடிக்கோங்கோன்னார் டாக்டர். சிரிச்சுண்டே சொன்னார், கேட்டேளா. அவருக்கென்ன, சிரிப்பார். பன்னெண்டு வயசுல பிடிச்ச ராக்கெட். பஸ்ஸுல பாவாடை தாவணி, இங்கே வந்து அதை அவிழ்த்து மடிச்சு வெச்சா உள்ளே ஸ்கர்ட். கரமனைத் தெருவுல ஒரு மாமிக்குத் தெரியாது. அம்பது வருஷம், ஏன்னா. அம்பது வருஷமும் முடிய இன்னும் ரெண்டு பாயிண்ட்.

— அதனாலதான் சொல்றேன். ஜெயிச்சு முடி. நன்னா இருக்கும்.

— ஜெயிக்காம? முப்பத்தெட்டு வருஷத்துல ஒரு செட், ஒரே ஒரு செட் எங்கிட்டேர்ந்து எடுத்திருக்கேளா நீங்க?

— இல்லைதான். ஒத்துக்கறேன். சர்வ் பண்ணு.

— ரெடியா? போட்டேன்!

— ம். வந்தது. போட்டாச்சு.

— இந்தாங்கோ!

— நல்ல அடி. இதை எடு.

— எடுத்தேன். இதை எடுங்கோ பாக்கலாம்!

— அய்யோ எனக்க கர்த்தரே! என்னா பேக்ஹேண்டு மங்கலம்மா அது! கோடு மேல கொண்டு வச்சாச்சே, தீந்துது, சாருக்கு எட்டாது. ஏ! சாரே! எடுத்தாச்சா அத? சாரே, என்ன செஞ்சியோ நீங்க! செய்யப்பிடாது! செய்யப்பிடாதுன்னு நான் சொன்னதில்லா!

— ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை. தெரியாம பட்டுடுத்து. பால் எங்கே போச்சு? வெளியேதானே போச்சு? உன் பாயிண்ட். ஃபார்ட்டி லவ்.

— ஏன்னா.

— சர்வ் பண்ணு. மணியாறது.

— இப்போ என்ன பண்ணினேள்?

— என்ன பண்ணினேன், அகலமாப் போச்சு, எட்டிப் போட்டேன்.

— எந்தக் கையால?

— கையாலதான்.

— எந்தக் கையாலன்னு கேட்டேன். வலது கைலேர்ந்து இடது கைக்கு ராக்கெட் தாவித்து. நான் குருடி இல்லை. இடது கையால ஒரு ஃபோர்ஹேண்ட் போட்டேள். அது என் காதோரம் விஸ்ஸுனு போய் மூலைல விழுந்தது. வெளியே இல்லை. என் பக்கத்துல விழுந்த பால், நான் சொல்றேன், இன். அந்த மாதிரி ஒரு அடி இந்தக் கோர்ட்டுல யாரும் போட்டு நான் பாத்ததில்லை.

— அதிர்ஷ்டம். கண்ணை மூடிண்டு வீசினேன்.

— சத்தியதாஸ்.

— அம்மா, நான் சாயா...

— சாயாவைக் கீழே வெச்சுட்டு என் மூஞ்சியைப் பாருங்கோ. 'செய்யப்பிடாது'ன்னேளே. எதைச் செய்யப்படாது?

— சாரே, எனக்கு எழுவத்திநாலு வயசாவுது. இனியும் பொய் சொல்லிட்டுப் போனா மேல வாசல் தொறக்க மாட்டாவ. நீங்க சொல்லுதியளா, நான் சொல்லட்டா?

— வேண்டாம் சத்தியதாஸ். இன்னிக்கு வேண்டாம். ரெண்டு நாள்ல ஆபரேஷன் வெச்சிண்டு...

— ஆபரேஷன் முட்டிக்கு. காதுக்கில்லை. சொல்லுங்கோ.

— பொறக்கறச்சே எனக்கு இடது கை, மங்கலம். அப்பா கோயில் மடப்பள்ளில இருந்தவர். அந்த ஆத்துல இடது கைப் பிள்ளைன்னா என்ன பண்ணுவா? சாப்பிடறச்சே இடது கையை முதுகுக்குப் பின்னாடி துண்டால கட்டுவா அம்மா. பூணல் அன்னிக்கு எங்கிட்ட சத்தியம் வாங்கிண்டா, நாலு பேர் பாக்க இடது கையால ஒண்ணும் செய்ய மாட்டேன்னு. எழுத்து, சாப்பாடு, ஆபீஸ் கையெழுத்து எல்லாம் வலது கைக்கு வந்துடுத்து.

— ஆணி அடிக்கறது, தேங்கா துருவறது, நகம் வெட்டறது எல்லாம் இடது கையாலதானே பண்றேள். தினம் பாத்திண்டிருக்கேன். டென்னிஸுன்னு வரச்சே நேக்கு ஏன் தோணலை? நான் ஒரு மண்டு.

— நீ மண்டு இல்லை. கல்யாணம் ஆன புதுசுல அம்மா சொன்னா, பந்து அடிக்கணும்னா ஆம்படையானோட போய் அடிக்கட்டும், அன்னிய ஆம்பிளையோட வேண்டாம், வெளியூர்ப் போட்டியும் வேண்டாம்னு. இங்கே லேடீஸெல்லாம் ரம்மி ஆடுவா. உனக்கு என்னை விட்டா வேற யாரு? அதனாலதான் ராக்கெட்டே தொட்டேன். சத்தியம் பண்ணினேனே, வலது கையால தொட்டேன். ஆறு மாசம் பால் நெட்டைத் தாண்டலை.

— சாரு குனிஞ்சு பந்து பெறக்கி எறியும்போ எடது கை. அத நானாக்கும் கண்டது மங்கலம்மா. 'சாரே, ஒங்க கை இதுல்லா'ன்னு கேட்டேன். சும்மா ஒரு நாளு எடது கையில பிடிச்சுப் பாத்தாரு. எனக்கு ரோமம் எழும்பிப் போச்சு. கடவுள் குடுத்த கை அது. ஆயிரத்துல ஒருத்தனுக்கு அமையாது.

— எப்போ? எப்போ ஆடினேள் நீங்க ரெண்டு பேரும்? காலம்பற நான்தானே இவரோட ஆடறேன்?

— வெள்ளிக்கிழமை.

— வெள்ளிக்கிழமை நான் பழவங்காடிக்குப் போவேன். பிள்ளையாருக்குத் தேங்கா உடைக்க.

— அந்த நேரத்துல நான் இங்கே வருவேன்.

— ஓஹோ. நான் அங்கே உங்க ஆரோக்கியத்துக்குத் தேங்கா உடைச்சிண்டிருந்தேன், நீங்க இங்கே கள்ளத்தரம் பண்ணிண்டிருந்தேள். எத்தனை வருஷமா?

— எண்பத்தேழுலேர்ந்து.

— இப்போ வரைக்கும்?

— நேத்திக்கும் ஆடினேன்.

— போன மாசம் எனக்க மோளுகிட்ட நாலு கேமு எடுத்தாரு அம்மா. அவளுக்கு முப்பத்தாறு வயசு, சாருக்கு அறுவத்தேழு. வீட்டுல வந்து அவ சோறு தின்னல்ல.

— உங்களைக் கேட்கலை, சத்தியதாஸ். ஏன்னா, இங்கே வாங்கோ. நெட்டுகிட்ட வாங்கோ. நேக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்கோ. முப்பத்தெட்டு வருஷமா நான் யாரோட ஆடினேன்?

— என்னோடதான்.

— உங்களோட இல்லை. உங்க பூணல் சத்தியத்தோட ஆடியிருக்கேன். உங்கம்மா கட்டிவிட்ட கையோட ஆடியிருக்கேன். ஜெயிச்சேன் ஜெயிச்சேன்னு தினம் ஆத்துக்கு வந்து தலைக்குக் குளிச்சிண்டு பாட்டுப் பாடிண்டு தோசை வார்த்தேனே! அத்தனையும் பொய்யா?

— ஒரு நாள் காட்டிடணும்னுதான் இருந்தேன். எண்பத்தொம்பதுல. ஞாபகம் இருக்கா, எண்பத்தொம்பது?

— அந்த வருஷத்தைப் பத்திப் பேசாதேள்.

— பேசணும் மங்கலம். நீ கேட்டாச்சு, நான் சொல்லணும். ஏழு மாசத்துல குழந்தை போச்சு. நாலு மாசம் நீ வாய் தொறக்கலை. சாதத்தைப் பிசைஞ்சு வெச்சிண்டு உக்காந்திருப்பே. டாக்டரும் பாத்தாச்சு, ஜோசியரும் பாத்தாச்சு. அன்னிக்கு உன்னைக் கைப்பிடிச்சு இங்கே கூட்டிண்டு வந்தேன். எதுக்குத் தெரியுமா? இடது கையைக் காட்டறதுக்குத்தான். இதைப் பாத்தாலாவது உனக்கு ஒரு ஆச்சர்யம், ஒரு கோபம், ஏதாவது வரட்டுமேன்னு. முதல் கேம் வலது கையால ஆடினேன், நீ எடுத்தே. சரி, இப்போ கை மாத்தலாம்னு ராக்கெட்டை இந்தப் பக்கம் கொண்டு வந்தேன். அப்போ நீ, 'என்னன்னா, மழைல நனைஞ்ச எருமை மாதிரி நிக்கறேள்'னே. சொல்லிட்டுச் சிரிச்சே. நாலு மாசத்துக்கு அப்புறம் சிரிச்சே.

— நேக்கு ஞாபகம் இல்லை.

— நேக்கு இருக்கு. ராக்கெட்டைத் திருப்பி வலது கைக்கே கொண்டு போயிட்டேன். ஆறுக்கு ரெண்டு ஜெயிச்சே. ஆத்துக்குப் போய் ரெண்டு தடவை மோருஞ்சாதம் போட்டுண்டு சாப்பிட்டே.

— நானும் கண்டேன் அம்மா. சாரு அந்தத் தட்டிக்குப் பின்னால போய் நின்னு மூஞ்சி தொடச்சாரு. எங்கிட்ட சத்தியம் வாங்குனதும் அண்ணைக்குத்தான்.

— சரி. அன்னிக்குச் சரி. அன்னிக்கு நீங்க பண்ணினதுக்கு உங்க காலைத் தொட்டுக் கும்பிடலாம். அடுத்த மாசம் சொல்லியிருக்கலாமே? அடுத்த வருஷம்? பின்னால சுமந்த் பொறந்தான், நான் நன்னாத்தானே இருந்தேன்?

— ஒவ்வொரு நாளும் இன்னிக்குச் சொல்லிடலாம்னுதான் வருவேன். நீ ஜெயிச்சிண்டிருப்பே. ஜெயிக்கறச்சே உன் மூஞ்சி எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அதைக் கெடுக்க மனசு வரலை. அப்புறம் சொல்றதுக்கே பயமாயிடுத்து.

— எரணாகுளம் ஞாபகம் இருக்கா?

— மங்கலம்...

— இருக்கா இல்லையா? ரெண்டாயிரத்தெட்டு. உங்கம்மா வருஷாப்தீகம் முடிஞ்சு அடுத்த மாசம். இனிமே யாரும் தடுக்க ஆளில்லைன்னு வெட்டரன்ஸ் போட்டிக்குப் பேர் குடுத்தேன். நாப்பத்தாறு வயசு. இருபத்திரெண்டு வருஷமா ஒருத்தர்கிட்டயும் தோக்காதவளாச்சே நான்! முதல் ரவுண்டு. யாரோ ஒரு பாங்க் ஆபீசர். என்ன ஸ்கோர், சொல்லுங்கோ.

— ஆறு பூஜ்யம். ஆறு ஒண்ணு.

— பேக்ஹேண்டுக்குப் போட்டா, பேக்ஹேண்டுக்குப் போட்டா, பேக்ஹேண்டுக்கே போட்டா. என்னால எடுக்க முடியலை. ஏன் முடியலைன்னு நேக்குப் புரியலை. வேணாடு ரயில்ல ஏறினதுலேர்ந்து திருவனந்தபுரம் வரைக்கும் தலைப்பால மூஞ்சியை மூடிண்டு அழுதேன். நீங்க பக்கத்துல உக்காந்து பழம்பொரி வாங்கிக் குடுத்தேள்.

— ஆமாம்.

— வயசாயிடுத்து, நம்ம லட்சணம் இவ்வளவுதான்னு நினைச்சேன். அதுக்கப்புறம் ஒரு போட்டிக்கு நான் பேர் குடுக்கலை. இப்போன்னா தெரியறது. இருபத்திரெண்டு வருஷமா நீங்க ஒரு பாலை என் பேக்ஹேண்டுக்குப் போட்டதில்லை. எல்லாம் கைக்கு வாகா, அழகா, ஃபோர்ஹேண்டுக்கு. குழந்தைக்குச் சாதம் ஊட்டற மாதிரி. என்னை ஜெயிக்க வெச்சு ஜெயிக்க வெச்சு என் ஆட்டத்தையே கொன்னுட்டேளே!

— அன்னிக்கு ரயில்ல அது எனக்கும் தெரிஞ்சுது. உன்னைவிட நான் ஜாஸ்தி அழுதேன், உள்ளுக்குள்ள. தப்புப் பண்ணிட்டேன் மங்கலம். பாசம்னு நினைச்சிண்டு பண்ணினேன். பெரிய தப்பு.

— அப்போ இன்னிக்கு மட்டும் ஏன் கையை மாத்தினேள்? இன்னும் ரெண்டே பாயிண்ட். பொய்யோட பொய்யா முடிஞ்சிருக்குமே.

— வேணும்னு மாத்தலை. அந்த பேக்ஹேண்ட்! அந்த மாதிரி ஒண்ணு நீ போட்டு எத்தனை வருஷமாச்சு! கல்யாணத்துக்கு முன்னாடி யுனிவர்சிட்டி மேட்ச்சுல உன்னைக் கம்பிவேலிக்கு வெளியே நின்னு பாத்தேனே, அன்னிக்குப் போட்ட பேக்ஹேண்ட் அது. பாத்தவுடனே நான் எங்கே நிக்கறேன், எதுக்கு நிக்கறேன் எல்லாம் மறந்து போச்சு. எடுக்கணும்னு மட்டும்தான் தோணித்து. கை தானாப் போயிடுத்து.

— ஆசையா இருந்ததா? எடுக்கணும்னு?

— ஆசையா? மங்கலம், வெள்ளிக்கிழமை சத்தியதாஸோட ஆடறச்சே எல்லாம், எதிர்ல நிக்கறது நீன்னு நினைச்சிண்டுதான் ஆடுவேன். உன்னோட ஒரு நாள், ஒரே நாள், முழுசா ஆடணும்னு முப்பத்தேழு வருஷமா ஏங்கிண்டிருக்கேன்.

— வாங்கோ.

— எங்கே?

— அந்தப் பக்கம் போய் நில்லுங்கோ. ஒரு கேம். நீங்க சர்வ். இடது கையால.

— வேண்டாம். உன் முட்டி தாங்காது.

— திங்கக்கிழமை அறுத்துத் தூக்கிப் போடப்போற முட்டி. அதைப் பத்திரமா வெச்சு என்ன பண்ண? சத்தியதாஸ், மணி என்ன?

— ஆறே முக்கால். ஒரு கேமுக்கு நேரம் உண்டு.

— அந்த உசந்த நாற்காலில ஏறி உக்காருங்கோ. ரெண்டு பக்கக் கோட்டையும் நீங்கதான் பாக்கறேள். இவரை நான் இனிமே நம்ப மாட்டேன். இவர் இன்னுன்னா அவுட்டு, அவுட்டுன்னா எது வேணும்னாலும். ஏன்னா, இந்தக் கேம்ல ஒரு பால் எனக்காக லேசாப் போட்டேள், அவ்வளவுதான். ஆபரேஷனுக்குத் தூக்கிண்டு போறச்சேகூட உங்க மூஞ்சில முழிக்க மாட்டேன்.

— சொல்றது சுலபம். முப்பத்தெட்டு வருஷப் பழக்கம் மங்கலம்.

— பழக்கத்தை மாத்துங்கோ. போடுங்கோ.

— போட்டேன்.

— இந்தாங்கோ உங்க பால். ராக்கெட்டால அடிக்கலை, கையால பிடிச்சுட்டேன். இதுக்குப் பேர் சர்வா? இதைப் பண்டிகைக்குப் பட்சணம் குடுக்கற மாதிரி குடுக்கறேள். திரும்பப் போடுங்கோ.

— சாரே, மேல இருந்து சொல்லுதேன், கேளுங்கோ. வெள்ளியாட்ச எங்கிட்ட போடுத சர்வு அதுல்ல. அம்மாவ அவமானப்படுத்தாதீங்கோ.

— சரி. சரி. பின்னாடி சொல்லப்படாது.

— ஃபிஃப்டீன் லவ். சாருக்கு.

— எங்கே போச்சு? பால் எங்கே? நான் பாக்கவே இல்லை, சத்தியதாஸ்! நேரா வந்தது, காலடில வந்தவுடனே இடப்பக்கமா வளைஞ்சு ஓடிடுத்து! பாம்பு மாதிரின்னா போறது!

— அடிபட்டுதா? வலிக்கறதா?

— வலிக்கறது. ரொம்ப நன்னா இருக்கு. போடுங்கோ!

— இந்தா.

— ம்! எடுத்தேன்!

— தர்ட்டி லவ். பந்து நெட்டுல.

— தொட்டேனே! ராக்கெட்டுல பட்டுதே! அந்த பாங்க் ஆபீசர் எல்லாம் உங்ககிட்ட எம்மாத்திரம்! ஐயோ, இப்படி ஒரு ஆளை ஆத்துக்குள்ள வெச்சிண்டா நான் எரணாகுளம் போனேன்! நில்லுங்கோ, மூச்சு வாங்கிக்கறேன்.

— நிறுத்திடலாமா?

— நிறுத்தினா தெரியும். பேக்ஹேண்ட் பக்கம்தானே வரும்? இப்போ ரெண்டடி தள்ளி நிக்கறேன். வரட்டும்.

— வந்தாச்சு!

— பிடிங்கோ!

— பாரலல்! ஓரத்தோட போச்சு! இன்! கோட்டுல பட்டுது, சுண்ணாம்பு பறந்துது! தர்ட்டி ஃபிஃப்டீன்! சாருக்கு எட்டல்ல!

— எட்டலையா? நிஜமா எட்டலையா? விட்டுட்டேளா?

— ஓடினேன் மங்கலம். உயிரைக் குடுத்து ஓடினேன். எட்டலை.

— சத்தியதாஸ், சத்தியமாச் சொல்லுங்கோ. அவர் விட்டாரா?

— கர்த்தருக்க பேருல சொல்லுதேன். சாரு வீசி அடிச்சாரு, பந்து ஒரு முழத்துக்கு அந்தால போயிருச்சு. அது ஒங்களுக்க பாயிண்டு அம்மா. தெவச்ச பாயிண்டு, முழுசா ஒங்களுக்க.

— ஒண்ணு.

— என்ன ஒண்ணு?

— முப்பத்தெட்டு வருஷத்துல நான் ஜெயிச்ச பாயிண்ட். எண்ணிக்கோங்கோ. ஒண்ணு. ஐயோ, கண்ணெல்லாம் மங்கறதே. போடுங்கோ, போடுங்கோ, நிக்காதேள்.

— இதை எடு.

— எடுத்தேன்!

— இதை?

— எடுத்தேன்! இன்னும் போடுங்கோ! ஓட விடுங்கோ என்னை!

— மங்கலம், கால்!

— காலை நான் பாத்துக்கறேன், நீங்க பாலைப் பாருங்கோ!

— ஃபார்ட்டி ஃபிஃப்டீன். சாரு அம்மாவுக்குப் பின்னால கொண்டு போட்டாரு. பந்துக்கு பதினாலு அடி விழுந்தத நான் எண்ணுனேன் பாத்துக்கிடுங்கோ. இந்தக் கோர்ட்டுல இப்படி ஒரு ஆட்டம் நான் கண்டு ஒருபாடு காலமாச்சு.

— போறும் மங்கலம். இன்னும் ஒரு பாயிண்ட்ல நான் ஜெயிச்சுடுவேன். என்னால முடியலை. இதோட விட்டுடலாம். சமம்னு வெச்சுக்கலாம்.

— ஏன்னா, என்னைப் பாருங்கோ. உங்க கால்ல விழுந்து கேட்கறேன்னு வெச்சுக்கோங்கோ, ஆனா விழுந்தா எழுந்திருக்க முடியாது. முப்பத்தெட்டு வருஷமா எனக்காகத் தோத்தேள். ஒரே ஒரு தடவை எனக்காக ஜெயியுங்கோ.

— சரி. எடுத்துக்கோ.

— எடுத்தேன்! இந்தாங்கோ!

— இந்தா!

— ம்! இந்தாங்கோ!

— அய்யோ, அம்மா! விழாதீங்கோ! நெட்டப் பிடிச்சுக்கிடுங்கோ! ஆ... கேம். கேமு சாருக்கு. நான் எறங்கி வாறேன், இருங்கோ.

— மங்கலம்! விழுந்துட்டியா? அடியா? இங்கே உக்காரு. மண்ணுலயே உக்காரு, பரவாயில்லை.

— விழலை. நெட்டைப் பிடிச்சிண்டு நிக்கறேன். விடுங்கோ, நிக்க முடியறது. தோத்துட்டேன், இல்லையா?

— ஆமாம். தோத்துட்டே.

— எவ்வளவு நன்னா இருக்கு, தெரியுமா? எதிர்ல ஒரு ஆள் நின்னு தோக்கடிக்கறது. யுனிவர்சிட்டில ஆடினப்போ இருந்தது. அப்புறம் காணாமப் போயிடுத்து. எங்கே போச்சு எங்கே போச்சுன்னு நான் தேடாத நாளில்லை, கேட்டேளா. ஆத்துலயேதான் இருந்திருக்கு. என்ன அழறேள்? ஜெயிச்சவா அழுவாளா?

— இத்தனை நாள் ஆடியிருக்கலாமே மங்கலம். இப்படி. தினம். நான் கெடுத்துட்டேனே.

— ஆமாம், கெடுத்துட்டேள். மன்னிச்சாச்சுன்னு மட்டும் நினைச்சுடாதேள். ஆஸ்பத்திரில படுத்துண்டு ஆறு வாரம் உங்களைத் திட்டறதுன்னு இருக்கேன். அந்த பழம்பொரிக்குத் தனியாத் திட்டு உண்டு.

— திட்டு. நானும் இத்தோட முடிச்சுக்கறேன். திங்கக்கிழமைக்கு அப்புறம் இந்தப் பக்கம் வரலை. நீ ஆடாத கோர்ட்டுல எனக்கென்ன வேலை?

— வரமாட்டேளா?

— வெள்ளிக்கிழமையும் வேண்டாம். போறும், உன்னை ஏமாத்தினது.

— சத்தியதாஸ், நாளைக்கு ஞாயித்துக்கிழமை. ஜிஷாவுக்கு கிளாஸ் உண்டா?

— இல்ல அம்மா. ஒம்பதுக்கு சர்ச்சு. அதுவரைக்கும் சும்மாதான் இருப்பா.

— காலம்பற ஆறு மணிக்கு இங்கே வரச் சொல்லுங்கோ. ஒரு செட் ஆடணும். ஒரு தயவும் பாக்காம ஆடணும்னு சொல்லுங்கோ.

— நாளைக்கா? ஜிஷாவோடயா? நிக்கவே முடியலை உன்னால. சாயங்காலம் அட்மிஷன். உனக்கென்ன பைத்தியமா, மங்கலம்?

— நான் ஆடப்போறேன்னு யார் சொன்னா? நீங்க ஆடுங்கோ, இடது கையால. நான் பெஞ்சுல உக்காந்துக்கறேன். கல்யாணம் ஆகி முப்பத்தெட்டு வருஷமாச்சு, என் ஆத்துக்காரர் டென்னிஸ் ஆடி நான் பாத்ததே இல்லையே.